மறுமுனைக் குரல் – அத்தியாயம் 5: ஒன்பது எண்கள்

போன வாரம் மணிமுத்தாற்றுப் பெரியவரை ஆபத்தான இடத்தில் நிறுத்தியிருந்தோம். இரவு மணி 8.40. ஒன்பதரைக்குக் கரண்டைத் துண்டித்துவிடுவோம் என்று எஸ்எம்எஸ் வந்திருக்கிறது. அதில் இருந்த செல்போன் எண்ணுக்கு அவரே கூப்பிட்டார். மறுமுனையில் இருந்தவன் சொன்ன ஆப்பை இறக்கினார். திரையில் ஒன்பது எண்கள் தெரிந்தன. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, ஒவ்வொன்றாக, தப்பில்லாமல் படித்துச் சொல்லி முடித்தார்.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மணிமுத்தாறு அணையில் லஸ்கராக இருந்து, ஷட்டர் ஏற்றி இறக்கி ஓய்வு பெற்ற இந்தப் பெரியவர் நான் உருவாக்கிய ஆள். இந்த மோசடியில் சிக்கிய பலருக்கு நடந்ததை அவர் ஒருவர் மேல் ஏற்றியிருக்கிறேன். ஆனால் அந்த எஸ்எம்எஸ் நிஜம். 2022-ல் அது தமிழ்நாடு முழுக்கச் சுற்றியது. நம்ப வேண்டாம் என்று மின்வாரியமே எச்சரிக்கை விட வேண்டியிருந்தது.

அந்தச் செய்தியின் வாசகத்தை ஒரு நிமிடம் பார்க்க வேண்டும். போன மாத பில் அப்டேட் ஆகாததால் இன்றிரவு ஒன்பதரைக்கு மின்சாரம் துண்டிக்கப்படும், உடனே மின் அதிகாரியைத் தொடர்புகொள்ளவும் என்று இருக்கும். நம்மூரில் மாதாமாதம் பில் ஏது? இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஆள் வந்து ரீடிங் எடுப்பார், அட்டையில் எழுதிவிட்டுப் போவார். சிங்கம்பட்டியிலோ கல்லிடைக்குறிச்சியிலோ ஒரு வருஷம் குடியிருந்தவன்கூட 'போன மாத பில்' என்று எழுத மாட்டான். எழுதியவன் இந்த மண்ணை மிதித்ததே இல்லை. வேறு எங்கோ, வேறு மாநிலத்து மின்வாரியத்தை மனதில் வைத்து எழுதப்பட்ட வாசகம் அது. அப்படியே நாடு முழுக்க வீசப்பட்டது.

அப்படியானால் எழுதியது யார்? ஒரு எண்ணைச் சொல்ல வைத்து அடுத்தவர் திரைக்குள் நுழையும் வித்தையை அவனுக்குக் கற்றுக் கொடுத்தது யார்? பெரியவர் கையில் போனோடு காத்திருக்கட்டும். நாம் பதினான்கு வருஷம் பின்னால் போக வேண்டும்.

*

2008 வாக்கில் இங்கிலாந்தில் வீட்டு லேண்ட்லைன்கள் ஒரு புது மாதிரியாக ஒலிக்கத் தொடங்கின. எடுத்தால் மறுமுனையில் இந்திய உச்சரிப்பில் ஆங்கிலம். பெயர் மட்டும் பீட்டர், டேவிட் என்று இருக்கும். "மைக்ரோசாஃப்ட்டிலிருந்து பேசுகிறோம். உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்திருப்பதாக எங்களுக்குத் தகவல் வந்திருக்கிறது" என்பார்கள். 2010 ஜூலையில் லண்டன் கார்டியன் நாளிதழில் சார்லஸ் ஆர்தர் இதை விரிவாக எழுதினார். இந்த அழைப்புகள் இந்தியாவிலுள்ள கால் சென்டர்களிலிருந்து வருகின்றன என்று அந்தச் செய்தி சொன்னது.

அந்தக் காலத்தில் கால் சென்டர் என்றால் நம் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கிடைத்த கௌரவமான வேலை. 1990-களின் கடைசியில் ஜி.ஈ. போன்ற நிறுவனங்கள் குர்கானில் தொடங்கி வைத்த தொழில் அது. ராத்திரி முழுக்கக் கண்விழித்து, அமெரிக்கன் கேட்கும் சந்தேகத்துக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொல்லி, வீட்டுக்கு மணியார்டர் அனுப்பிய தலைமுறை ஒன்று உண்டு. அந்தப் பொறுமையான குரலையும், எழுதிக் கொடுத்ததைப் படிக்கும் பழக்கத்தையும், வெள்ளைக்காரப் பெயர் வைத்துக்கொள்ளும் வழக்கத்தையும் திருடர்கள் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். நேர்மையாக உழைத்த லட்சக்கணக்கானவர்களின் பெயர் இதனால் கெட்டது. இதை எழுதும்போது எனக்கு அந்த வருத்தம்தான் முதலில் வருகிறது.

சரி, வைரஸ் இருக்கிறது என்று சொன்னால் போதுமா? ஆதாரம் வேண்டுமே. அதில்தான் அவர்களின் சாமர்த்தியம் இருந்தது.

"கீபோர்டில் விண்டோஸ் படம் போட்ட பட்டனையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அமுக்குங்கள்" என்பார்கள். சின்னப் பெட்டி ஒன்று திறக்கும். அதில் சில எழுத்துகளை, ஆப்பிளுக்கு ஏ, பாலுக்கு பி என்கிற மாதிரி நிதானமாகச் சொல்லி அடிக்க வைப்பார்கள். ஈவன்ட் வியூவர் என்ற பகுதி திறக்கும். கம்ப்யூட்டருக்குள் அன்றாடம் நடப்பதை எல்லாம் விண்டோஸ் தானாகவே எழுதி வைக்கும் பதிவேடு அது. பிரிண்டர் பதில் சொல்லவில்லை, ஏதோ ஒரு சேவை இரண்டு விநாடி தாமதமாகத் தொடங்கியது என்பது போன்ற சில்லறை விஷயங்கள்கூட அதில் சிவப்புக் குறியோடும் மஞ்சள் குறியோடும் ஏறும். கடையிலிருந்து நேற்று வாங்கி வந்த புது மெஷினிலும் இருக்கும். ஆனால் வாழ்நாளில் அந்தப் பக்கத்தை ஒருமுறைகூடத் திறந்திராத எழுபது வயதுப் பாட்டிக்கு, வரிசை வரிசையாக 'எரர்', 'எரர்' என்று சிவப்பாகத் தெரிந்தால் எப்படி இருக்கும்?

"எத்தனை சிவப்பு தெரிகிறது, எண்ணிச் சொல்லுங்கள்" என்பான் அவன். அவர் எண்ணத் தொடங்குவார். நூறைத் தாண்டியதும் குரல் நடுங்கும்.

அப்போதும் நம்பாமல், "நீங்கள் மைக்ரோசாஃப்ட் ஆள்தான் என்பதற்கு என்ன சாட்சி?" என்று கேட்கிறவர்கள் உண்டு. அவர்களுக்காகவே இன்னொன்று வைத்திருந்தார்கள். கறுப்புத் திரை ஒன்றைத் திறக்கச் சொல்லி, ஒரு சிறு கட்டளையை அடிக்க வைப்பார்கள். கடகடவென்று ஒரு நீண்ட பட்டியல் ஓடி நிற்கும். அதன் கடைசிப் பக்கத்தில் நீளமான எண் ஒன்று இருக்கும். "உங்கள் கம்ப்யூட்டரின் லைசென்ஸ் எண் எங்கள் கோப்பில் இருக்கிறது. படிக்கிறேன், நீங்கள் சரிபாருங்கள். 888டிசிஏ60..." அவன் படிப்பான். இவர் திரையில் விரல் வைத்துப் பார்ப்பார். ஒவ்வொரு எழுத்தும் பொருந்தும். உலகத்தில் எனக்கு மட்டுமே தெரிந்த எண் இவனுக்கு எப்படித் தெரிந்தது? நிச்சயம் கம்பெனி ஆள்தான்!

அந்த எண் எல்லா விண்டோஸ் கம்ப்யூட்டரிலும் ஒன்றேதான். கோப்பைச் சுருக்கி ஜிப் ஆக்கி அனுப்பும் வசதிக்கு விண்டோஸ் வைத்திருக்கும் உள் அடையாளம் அது. அம்பாசமுத்திரத்து பிரவுசிங் சென்டரில் பார்த்தாலும் அதே 888டிசிஏ60, ஆஸ்திரேலியாவில் பார்த்தாலும் அதே.

இந்த இடத்தைத் திரும்பத் திரும்ப யோசித்திருக்கிறேன். அவர்கள் காட்டிய இரண்டு சாட்சியும் நிஜமானவை. பதிவேட்டில் பிழைகள் நிஜமாகவே இருந்தன, எண் நிஜமாகவே பொருந்தியது. அதற்கு அவர்கள் சொன்ன அர்த்தம் மட்டும்தான் பொய். ஏமாந்தவர்களை முட்டாள்கள் என்று பேசுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. சரிபார்க்காமல் ஏமாந்தவர்கள் ஒரு பக்கம் இருக்கட்டும். சரிபார்த்ததாலேயே ஏமாந்தவர்களை என்ன சொல்வது?

*

பயந்தாயிற்று, நம்பியாயிற்று. அடுத்தது, "கவலைப்படாதீர்கள், நானே உள்ளே வந்து சரிசெய்து தருகிறேன்."

தூரத்திலிருந்து இன்னொரு கம்ப்யூட்டரை இயக்கும் மென்பொருள் திருட்டுக்காகப் பிறந்ததல்ல. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருந்த ஆய்வுக்கூடத்தில் உருவான வி.என்.சி. 1998-ல் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைத்தது. ஜெர்மனியின் கோப்பிங்கன் ஊரில் 2005-ல் டீம்வியூவர் தொடங்கியது. 2014-ல் ஸ்டுட்கார்ட்டில் எனிடெஸ்க். பெங்களூரில் வேலை பார்க்கும் பிள்ளை, விக்கிரமசிங்கபுரத்தில் இருக்கும் அப்பாவின் லேப்டாப்பை அங்கிருந்தே சரிசெய்து கொடுப்பது இவற்றால்தான். வசதியான பொருள். பொதுவாக வீட்டுக்காரர் ஒரு எண்ணைச் சொல்லி, 'அனுமதி' என்பதைத் தொட்டால்தான் வேலை செய்யும். பூட்டை உடைக்க வேண்டியதில்லை, வீட்டுக்காரரே திறந்து விட்டால் போதும் என்பதைத் திருடர்கள் புரிந்துகொண்டார்கள்.

உள்ளே வந்ததும் மவுஸின் அம்பு தானாக நகரும். வந்தவன் எதையோ திறப்பான், எதையோ மூடுவான். பிறகு விலை சொல்வான். 49 டாலரிலிருந்து 450 டாலர் வரை வாங்கினார்கள் என்று அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் கணக்குச் சொன்னது.

அந்த ஆணையம் களத்தில் இறங்கியது 2012 அக்டோபர் 3-ம் தேதி. ஆணையத்தின் ஆட்களே ஒன்றும் தெரியாத வாடிக்கையாளர்களாக நடித்து, வந்த அழைப்பைப் பதிவு செய்து வைத்திருந்தார்கள். ஆஸ்திரேலியாவும் கனடாவும் கைகோர்க்க, ஒரே நாளில் ஆறு வழக்குகள் வெளியுலகுக்கு வந்தன. 14 நிறுவனங்கள், 17 தனி ஆட்கள். அவர்கள் பயன்படுத்திய இணைய முகவரிகள் 80, தொலைபேசி எண்கள் 130. பெரும்பாலான குழுக்களின் தளம் இந்தியா. 2014-ல் நியூயார்க் மத்திய நீதிமன்றம் 51 லட்சம் டாலருக்கு மேல் கட்டச் சொல்லித் தீர்ப்பளித்தது.

2012-ன் அந்த வழக்குகளோடு இது முடிந்தது என்றுதான் பலரும் நினைத்திருப்பார்கள். இரண்டே வருஷத்தில் அந்தக் குரல் மீண்டும் வந்தது. இந்த முறை அதற்கு வாடிக்கையாளரின் பெயர் தெரிந்திருந்தது. வீட்டு முகவரியும் கணக்கு எண்ணும்கூடத் தெரிந்திருந்தன.

*

டாக்டாக் என்பது பிரிட்டனின் பெரிய இணையச் சேவை நிறுவனங்களில் ஒன்று. 2014-ல் அதன் வாடிக்கையாளர்கள் புகார் சொல்ல ஆரம்பித்தார்கள். "உங்கள் இன்டர்நெட்டில் கோளாறு" என்று ஒருவன் பேசுகிறான், கணக்கு எண்ணைத் தவறில்லாமல் சொல்கிறான், டீம்வியூவரை இறக்கச் சொல்கிறான். இதற்கு 888டிசிஏ60 வித்தையெல்லாம் தேவைப்படவில்லை. விவரம் கசிந்தது எங்கே?

வாடிக்கையாளர் புகார்களைக் கவனிக்க டாக்டாக் அமர்த்தியிருந்தது விப்ரோவின் கால் சென்டரை. 2016 ஜனவரியில், அங்கே வேலை பார்த்த மூன்று பேர் கொல்கத்தாவில் கைது செய்யப்பட்டார்கள். பிறகு பிரிட்டன் தகவல் ஆணையர் அலுவலகம் விசாரித்து, விப்ரோவின் 40 ஊழியர்களுக்கு 25,000 முதல் 50,000 வாடிக்கையாளர்கள் வரையிலான விவரங்களைப் பார்க்கும் வசதி இருந்ததைச் சுட்டிக்காட்டியது. தகவலைச் சரியாகக் காக்கவில்லை என்று 2017-ல் டாக்டாக்குக்கு ஒரு லட்சம் பவுண்டு அபராதம். அதே வருஷம் மார்ச்சில் டாக்டாக் தன் இணைப்புகளில் டீம்வியூவரையே தடுத்து வைத்தது. நேர்மையாக அதைப் பயன்படுத்தியவர்கள் கொதித்துப்போக, தடை நீங்கியது.

இடையில், 2016 அக்டோபரில், மும்பைக்கு வடக்கே மீரா ரோட்டில் ஒரு ராத்திரியில் எழுநூறுக்கும் மேற்பட்டவர்களைப் போலீஸ் வளைத்தது. அது அமெரிக்க வருமான வரித்துறை பெயரில் நடந்த வேறு வகை மிரட்டல். அதற்குத் தனி அத்தியாயமே வேண்டும்.

நமக்கு முக்கியமான திருப்பம் 2019-ல் வந்தது. அதுவரை பெரும்பாலும் கடல் கடந்து போய்க்கொண்டிருந்த குரல் உள்நாட்டுக்குத் திரும்பியது. காரணம் நம் எல்லோர் பையிலும் இருந்தது. செல்போனிலேயே வங்கி வந்துவிட்டது, யுபிஐ வந்துவிட்டது, சல்லிசான விலையில் டேட்டா வந்துவிட்டது. டாலரைத் தேடி ராத்திரி கண்விழிக்க வேண்டியதில்லை. 2019 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளுக்கும் எச்சரிக்கை அனுப்பியது. எனிடெஸ்க் என்ற ஆப்பை இறக்க வைத்து, அதில் தோன்றும் ஒன்பது இலக்க எண்ணை வாங்கிக்கொண்டு, வாடிக்கையாளரின் போனையே கைப்பற்றிப் பணம் எடுக்கிறார்கள் என்று அதில் இருந்தது.

அதே ஒன்பது எண்கள்.

*

மணிமுத்தாற்றுக்குத் திரும்புவோம். பெரியவர் எண்ணைச் சொன்னார். 'அனுமதி' என்று வந்ததைத் தொட்டார். "ரொம்ப நல்லது சார். சிஸ்டத்துல உங்க பேர் வந்துடுச்சு. இப்ப வெறும் பத்து ரூபா மட்டும் கட்டுங்க, பில் அப்டேட் ஆயிடும்."

பத்து ரூபாய் என்றதும் அவருக்கு இருந்த கொஞ்ச நஞ்சச் சந்தேகமும் போய்விட்டது. பத்து ரூபாய்க்காக எவன் ஏமாற்றப் போகிறான்? வந்த லிங்கைத் திறந்து, ஏடிஎம் கார்டின் பதினாறு எண்களை அடித்தார். பின்னால் இருக்கும் மூன்று எண்களையும் அடித்தார். அவர் அடித்த ஒவ்வொன்றும் அதே நொடியில் எங்கோ ஒரு திரையில் தெரிந்தது. ஓடிபி வந்தது. அதை அவர் யாருக்கும் சொல்லவில்லை. பேங்கில் எத்தனை தடவை எச்சரித்திருக்கிறார்கள், யாருக்கும் சொல்லக்கூடாது என்று! அவன் கேட்கவுமில்லை. அவனுக்குத்தான் திரை தெரிகிறதே.

உள்ளேயிருந்து மருமகள் வந்தாள். "மாமா, யாருட்ட பேசுதீய இந்நேரத்துல?"

அவர் பேசாமலிரு என்று கையைக் காட்டினார். "ஈபி ஆபீஸ் ஆளும்மா."

அந்தச் சமயம் 25,000 ரூபாய் கழிந்ததாகச் செய்தி வந்தது. அடுத்த செய்தியில் 49,000. மருமகள் போனை வெடுக்கென்று பிடுங்கி, பவர் பட்டனை அமுக்கி அணைத்தாள். திரை இருண்டது. அவனுடைய பார்வையும் அதோடு அறுந்தது. அந்தக் கணத்தில் செய்ய வேண்டிய மிகச் சரியான காரியம் அதுதான். திட்டுவதற்கோ விசாரிப்பதற்கோ பிறகு நேரம் கிடைக்கும்.

தன் போனை எடுத்து, இணைய மோசடிப் புகாருக்கான 1930-க்குக் கூப்பிடப் போனாள். பெரியவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாம்மா. வெளிய சொல்லாத. ஊரு சிரிக்கும்."

ஏமாந்த அவமானத்தில் வரும் இந்த ஒரு வார்த்தையால் போன பணம்தான் அதிகம் என்பது என் உறுதியான எண்ணம். 2021 ஏப்ரலில் 155260 என்ற எண்ணில் தொடங்கி, பிறகு 1930 ஆக மாறிய இந்த உதவி எண் நேரத்தை நம்பியே இயங்குகிறது. புகார் பதிவானதும் தகவல் பணம் கிளம்பிய வங்கிக்கும் போய்ச் சேர்ந்த வங்கிக்கும் பறக்கும். பணம் அந்தக் கணக்கில் இன்னும் இருந்தால் அங்கேயே முடக்கி வைப்பார்கள். அடுத்த கணக்குக்குத் தாவியிருந்தால் அந்த வங்கிக்குத் தகவல் போகும். திருடனுக்கும் இது தெரியும். அதனால் வாடகைக்குப் பிடித்த கணக்குகளில் பணத்தைத் துண்டு துண்டாக்கி, நிமிடக் கணக்கில் நகர்த்துகிறான். அவமானப்பட்டு யோசிக்கும் ஒரு ராத்திரி அவனுக்குத் தாராளமாகப் போதும்.

வங்கிக்கு உடனே சொல்வதிலும் சட்டப்படி லாபம் உண்டு. 2017 ஜூலை 6-ம் தேதி ரிசர்வ் வங்கி போட்ட சுற்றறிக்கைப்படி, ரகசிய விவரத்தை வாடிக்கையாளரே கொடுத்துவிட்டால் தகவல் சொல்லும் வரைக்குமான நஷ்டம் அவருடையது. சொன்ன பிறகும் பணம் போனால் அது வங்கியின் பொறுப்பு. 8.55-க்குச் சொல்வதற்கும் மறுநாள் பத்து மணிக்குக் கிளையில் போய் நிற்பதற்கும் அவ்வளவு வித்தியாசம்.

மருமகள் கையை விடுவித்துக்கொண்டு 1930-ஐ அழைத்தாள். அப்புறம் வங்கியைக் கூப்பிட்டாள். மறுநாள் திருநெல்வேலி சைபர் கிரைம் காவல் நிலையத்துக்குப் பெரியவரை அழைத்துப் போக வேண்டும். அவர் வருவாரா? திண்ணையில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறார். "படிச்சவன்னா ஏமாந்திருக்க மாட்டான்" என்கிறார்.

அவருக்கு ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜிம் பிரவுனிங் என்ற புனைபெயரில் இயங்கும் பிரிட்டன் நாட்டுக்காரர். இந்தத் திருடர்கள் தன் கம்ப்யூட்டருக்குள் வரும்போது, அதே இணைப்பு வழியாக அவர்களுடைய கம்ப்யூட்டருக்குள் நுழைந்துவிடுகிறவர். குர்கானில் ஒரு கால் சென்டரின் சிசிடிவி கேமராக்களையே தன் வீட்டிலிருந்து பார்த்தார். அங்கிருந்து பேசப்பட்ட 70,000 அழைப்புகளின் பதிவு அவர் கைக்கு வந்தது. 2020 மார்ச்சில் பிபிசி பனோரமா அதை ஒளிபரப்ப, ஹரியானா போலீஸ் அந்த இடத்தைச் சோதனை போட்டு உரிமையாளரைக் கைது செய்தது. இந்த மோசடியின் நெளிவு சுளிவுகளை அவரைவிட அறிந்தவர்கள் குறைவு.

2021 ஜூலை 26. ஜிம் பிரவுனிங்கின் யூடியூப் சேனல் திடீரென்று காணாமல் போனது. அத்தனை வீடியோக்களும் போயின. திருடர்கள் பழிதீர்த்துவிட்டார்கள், எப்படியோ உள்ளே புகுந்து அழித்துவிட்டார்கள் என்றே கேட்டவர்கள் நினைத்திருப்பார்கள்.

யாரும் உள்ளே புகவில்லை. அழிக்கும் பட்டனை அமுக்கியது ஜிம் பிரவுனிங்கேதான். உதவிக்கு வந்ததாகச் சொன்ன ஒருவன் அவரிடம் என்ன பேசினான்?

(தொடரும்)